பெட்டகத்துல கெடக்குற பழைய லேஸ்: கையால பின்னுனதா, மிஷினா, எந்தக் காலத்துது?

எங்க பக்கம் ஒரு பழைய வீட்ட பாகம் பிரிக்கிறாங்கன்னா எல்லாத்துக்கும் விலை சொல்ல ஆள் வந்துருவாங்க. தூணைத் தட்டிப் பாத்து பர்மா தேக்கான்னு சொல்ல ஆசாரி இருக்காரு, எனாமல் தூக்குச் சட்டியைக் கவுத்துப் பாத்து எந்த நாட்டுச் சரக்குன்னு சொல்றவங்க இருக்காங்க, பித்தளைக்கு எடை போட்டு காசு. ஆனா பெட்டிக்கு அடியில மஞ்சளாகிக் கெடக்குற லேஸ் வச்ச துணிக்கு மட்டும் எப்பவும் ரெண்டே பதில்தான். ஒண்ணு "கந்தலு, தூக்கிப் போடுங்க", இன்னொண்ணு "வெள்ளக்காரங்க காலத்து லேஸு, நூத்தம்பது வருஷம் இருக்கும்". காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைகள்ல பாத்தீங்கன்னா இந்த மாதிரி துணியெல்லாம் ஒரே மூட்டையா கட்டி வச்சிருப்பாங்க, அதுல பத்து ரூபா பெறாத மிஷின் லேஸும் இருக்கும், ஒரு பொம்பளை மாசக்கணக்குல உக்காந்து கையால பின்னுன லேஸும் இருக்கும், ரெண்டும் ஒண்ணாக் கசங்கிக் கெடக்கும். எனக்கு அதப் பாக்கவே பொறுக்கல, அதான் எனக்குத் தெரிஞ்சத முழுசா எழுதி வைக்கிறேன்.

முதல்ல இந்த லேஸெல்லாம் செட்டிநாட்டுக்கு எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சிரும். கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டி வியாபாரத்துக்குப் போன நம்ம ஆளுங்க ரங்கூன், மோல்மேன், பினாங்கு, சிங்கப்பூர், கொழும்புன்னு போனாங்க, வரும்போது வீட்டுக்கும் பொண்ணோட சீருக்கும் சாமான் கொண்டு வந்தாங்க, அதுல தலகாணி உறை, தட்டு மூடுற துணி, மேஜை விரிப்பு, லேஸ் வச்ச ரவிக்கை, கைக்குட்டை எல்லாம் உண்டு. இலங்கையில காலி, வெலிகம பக்கம் இன்னைக்கும் பொம்பளைங்க பீரலுன்னு ஒரு லேஸ் பின்றாங்க, அது அசல் பாபின் லேஸ்தான், அதாவது நூல் சுத்துன மரக்குச்சிகள வச்சுப் பின்றது. சீனாவுல சீஃபூ ஊர்ல 19ஆம் நூற்றாண்டு கடைசியிலேருந்து மிஷனரிங்க சொல்லிக் குடுத்து பாபின் லேஸ் பெரிய ஏற்றுமதி ஆச்சு. நம்ம ஊர்லயே நாகர்கோயில்ல லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மா 1820-கள் தொடக்கத்துலயே பொம்பளப் புள்ளைங்களுக்கு லேஸ் பின்னச் சொல்லிக் குடுத்தாங்க. அவங்க மக எலைசாதான் கால்டுவெல்லோட சம்சாரம், கல்யாணம் 1844-ல, அவங்க இடையன்குடியிலயும் லேஸ் வேலையக் கொண்டாந்தாங்க. நாகர்கோயில்ல படிச்ச புள்ளைங்கள்ல சில பேரு லேஸ் பின்னி சம்பாதிச்ச காசக் குடுத்து தங்கள அடிமைத்தனத்துலேருந்தே மீட்டுக்கிட்டாங்க. திருவிதாங்கூர்ல அடிமை முறை ஒழிஞ்சது 1855-லதான், அதுக்கும் முன்னாடி நடந்த கதை இது. அப்படிப்பட்ட கை பின்னுன ஒரு முழ லேஸ் நம்ம பெட்டகத்துலயும் இருக்கலாம், அதக் கரிப்பிடித் துணியாக்கிறாதீங்க.

அதனால "இங்க்லீஷ் லேஸ்"னு கண்ண மூடிக்கிட்டு சொல்லாதீங்க. செட்டிநாட்டு வீட்டுல கெடைக்கிற பாபின் லேஸ் இங்கிலாந்து, பெல்ஜியத்துலேருந்து வந்ததா இருக்குறத விட காலி, சீஃபூ, நாகர்கோயில் சரக்கா இருக்கத்தான் வாய்ப்பு ஜாஸ்திங்கிறது என் அபிப்ராயம், ஏன்னா நம்ம ஆளுங்க போய் வந்த பக்கத்துச் சரக்கு அதுதானே.

சரி, கைல எடுத்துக்குவோம். வேணும்கிறது மூணே சாமான்: நகைக்கடைக்காரங்க கண்ணுல வச்சுப் பாக்குற பத்து மடங்கு லென்ஸ், கீழ விரிக்க கருப்புத் துணி, நல்ல பகல் வெளிச்சம். வளவுல, அதான் வீட்டு நடு முற்றத்துல, காலைல பத்து மணி வெயில் விழும் பாருங்க, அந்த ஓரத்து நிழல் போதும், நேர் வெயில்ல விரிக்காதீங்க. டியூப்லைட்ட நம்பாதீங்க.

முதக் கேள்வி, இது பாபின் லேஸ்தானா. தையல் மிஷின் பாபினோட இதக் குழப்பிக்காதீங்க. இங்க பாபின்னா பென்சில் கனத்துல ஒரு மரக்குச்சி, ஒவ்வொண்ணுலயும் ஒரு நூல் சுத்தியிருக்கும், கெட்டியான ஒரு திண்டு மேல துளை போட்ட டிசைன் அட்டைய வச்சு, அந்தத் துளையில குண்டூசி குத்திக் குத்தி, குச்சிகள ஜோடி ஜோடியா மாத்திப் போட்டுப் பின்னுவாங்க. மொத்தத்துக்கும் ரெண்டே அசைவுதான்: ஒண்ணு மேல ஒண்ணத் தாண்ட விடுறது, ஜோடிய முறுக்குறது. இத வச்சே எல்லாப் பூவும் இலையும் வலையும் வந்துரும். அதனால லென்ஸ்ல பாத்தா பூ இருக்குற கெட்டியான இடம் நெசவுத் துணி மாதிரியே தெரியும், நூல் குறுக்கயும் நெடுக்கயும் மேல கீழ போய் வரும். வலை இருக்குற எடத்துல ஜோடி நூல் முறுக்கியோ நாலு நூல் சடையா பின்னியோ இருக்கும்.

கெட்டியான எடத்துல நெசவு இல்லாம சட்டைக்குக் காஜா போடுற தையல் வரிசை வரிசையா இருந்துச்சுன்னா அது ஊசி லேஸ், அது வேற ஜாதி. சங்கிலி சங்கிலியா கொக்கி போட்டு இழுத்த கண்ணி தெரிஞ்சா குரோஷா. நம்ம பக்கத்துல கெடைக்கிறதுல நிறைய குரோஷாதான், ஓலைக் கொட்டான் மூடி மேல போடுறது, பால் செம்பு மூடுற பாசி வச்ச வட்டத் துணி எல்லாம் அதுதான். ஆந்திராவுல நரசாப்பூர் லேஸ்னு சொல்றதும் குரோஷா. அழகுதான், மதிப்பும் உண்டு, ஆனா பாபின் இல்ல.

ரெண்டாவது கேள்விதான் பெருசு, கையா மிஷினா. இங்கதான் நல்லா தெரிஞ்சவங்களே தடுமாறுவாங்க.

ஐரோப்பாவுல 1813 வாக்குல வந்த லீவர்ஸ் மிஷின், பிறகு 1840-கள்ல அதோட டிசைன் போடுற ஜாக்கார்ட் கருவி சேந்ததும் பூ வேலப்பாடு போட்ட லேஸ கஜக்கணக்குல கக்க ஆரம்பிச்சிருச்சு. இதக் கண்டுபிடிக்க நான் பாக்குற முத எடம் ஒரு பூவோட இதழ். கையால பின்னுனதுல நூல் இதழோட வளைவக் கூடவே வளைஞ்சு போகும், இதழ் இடது பக்கம் சாஞ்சா உள்ள ஓடுற நூலும் அந்தப் பக்கம் சாயும், பின்றவங்க திண்டையே திருப்பித் திருப்பி வச்சுப் பின்னுவாங்க. லீவர்ஸ் மிஷினுக்கு அது முடியாது, பூ எந்தப் பக்கம் சாஞ்சிருந்தாலும் நூலெல்லாம் லேஸோட நீளத்துக்கு நேராத்தான் ஓடும், அது மேல வேற நூல் பக்கவாட்டுல சுத்திச் சுத்தி வரும், அதனால கெட்டி எடத்துல வரி வரியா கோடு விழுந்த மாதிரி தெரியும். இன்னொண்ணு ஓரம். மிஷின்ல பெரிய அகலத்துல நெய்து அப்புறம் பட்டை பட்டையா பிரிப்பாங்க, அதனால வளைவு ஓரத்துல வெட்டுன நூல் முடி முடியா நீட்டிக்கிட்டு இருக்கும். கை லேஸ்ல நூல் ஓரம் வரைக்கும் வந்து குண்டூசியச் சுத்தித் திரும்பி உள்ள போயிரும், வெட்டு இருக்காது.

ரவிக்கை, குழந்தைச் சட்டை, உள்பாவாடை ஓரத்துல வர்ற மெல்லிசான சின்ன லேஸ், வலென்சியன்ஸ்ங்கிற பிரெஞ்சு பாபின் லேஸ் மாதிரி இருக்கும், முக்காவாசி மிஷின்தான். அசல் வலென்சியன்ஸ்ல வலைக்கண்ணு ஒவ்வொண்ணோட பக்கமும் நாலு நூல் சேர்ந்த சடை, அத்தன சின்னக் கண்ணுல. மிஷின்ல வெறும் முறுக்கு. லென்ஸ் வச்சா ஒரு நொடியில தெரிஞ்சிரும்.

இதவிட ஏமாத்துறது பார்மன் மிஷின். ஜெர்மனியில பார்மன் ஊர் பேர்ல வந்தது, 19ஆம் நூற்றாண்டு கடைசியிலேருந்து. இது நாடா பின்ற மிஷினோட வம்சம், இதுல நூல் போற பாதை கை பாபின் லேஸ்ல போற அதே பாதை, அதே தாண்டல், அதே முறுக்கு. அப்புறம் எப்படிப் பிரிக்கிறது? நான் இலையப் பாப்பேன். மால்டா, பெட்ஃபோர்ட்ஷயர் மாதிரி டிசைன்ல கோதுமை மணி கணக்கா கொழுகொழுன்னு சின்ன இலை வரும், ரெண்டு முனையும் கூரா, நடுவுல அகலமா. கையால பின்றப்ப ஒரே ஒரு நூல் மட்டும் மத்த மூணு நூல் மேல கீழ, மேல கீழன்னு போய் வந்து நெருக்கி நெருக்கிப் பின்னி அந்த வடிவத்தக் கொண்டு வருது, ஒவ்வொரு தடவையும் விரலால இழுத்து அளவு பாக்கணும், கொஞ்சம் விட்டா இலை ஒடுங்கிரும். அதனால இலையோட ரெண்டு விளிம்பும் கெட்டியா, வழுவழுன்னு இருக்கும், பக்கத்து இலையோட ஒப்பிட்டா ஒண்ணு லேசா தடிச்சும் ஒண்ணு லேசா மெலிஞ்சும் இருக்கும். தேவகோட்டைப் பக்கத்து வீடு ஒண்ணுல ஒரு தட்டுத் துணியப் பாத்தேன், சுத்தி விரக்கடை அகலத்துக்கு லேஸ், ஒவ்வொரு மூலையிலயும் அஞ்சு இலை சேந்து ஒரு பூ, அதுல ஒரு பூவுல மட்டும் ஒரு இலை மத்தத விட அரை கடுகளவு நீளம். அந்த வீட்டு ஆச்சி "இது ஒண்ணு கோணலா இருக்கேப்பா, மட்டமான சரக்கோ"ன்னாங்க. "இல்ல ஆச்சி, இந்தக் கோணல்தான் இது கை வேலைங்கிறதுக்கு சாட்சி, தப்பித் தவறிக்கூட யார்கிட்டயும் சும்மா தூக்கிக் குடுத்துறாதீங்க"ன்னேன். பார்மன் மிஷின்ல அந்த மாதிரி நெருக்கிப் பின்னுன இலை வராது, இலை இருக்க வேண்டிய எடத்துல நூல் லூசா சேந்து ஒரு திட்டு மாதிரி நிக்கும், விளிம்பு தெளிவா இருக்காது.

தப்பு இருந்தா கை வேலைன்னும் பொத்தாம் பொதுவா சொல்லிற முடியாது. தப்பு திரும்ப வருதான்னு பாக்கணும். ஒரு டிசைன் முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கிற தூரத்த அளந்து, அதே தப்பு அதே எடத்துல ஒவ்வொரு தடவையும் வந்தா மிஷின் தப்பு. ஒரு எடத்துல மட்டும் வந்து அடுத்ததுல காணாமப் போனா மனுசக் கை.

இன்னும் ரெண்டு வகை வேகமா சொல்லிர்றேன். தொட்டா பஞ்சு பஞ்சா இருந்து நூலோட பாதையே தெரியாம எம்பிராய்டரி தையல் கொழகொழன்னு குவிஞ்சிருந்தா அது கெமிக்கல் லேஸ், ஒரு துணி மேல மிஷின்ல தைச்சுட்டு அந்தத் துணிய மருந்து வச்சுக் கரைச்சிருவாங்க, 1880-களுக்கு அப்புறம்தான். அப்புறம் நாடா லேஸ், வளைஞ்சு வளைஞ்சு போற பட்டை. அதுல வளைவுக்குள் பக்கம் பாருங்க, நாடா சுருக்கம் விழுந்தோ மடிஞ்சோ இருந்தா மிஷின் நாடாவ வாங்கி டிசைன் மேல வளைச்சுத் தைச்சது. சுருக்கமே இல்லாம நூலே வளைஞ்சு திரும்பியிருந்தா அந்த நாடாவையே பாபின்ல பின்னியிருக்காங்க.

இப்ப வயசு. இங்க ஒரே ஒரு சட்டம், இதுக்கு நான் ஒத்துக்கிற விதிவிலக்கு எதுவும் கெடையாது: ஒரு லேஸ்ல இருக்குற அம்சங்கள்லயே எது ரொம்ப பிந்தி வந்ததோ, அதுக்கு முன்னாடி அந்த லேஸ் பொறந்திருக்க முடியாது. டிசைன் 1700-ஐச் சேந்ததா இருக்கலாம், ஆனா நூல் 1900-த்தோடதுன்னா அது 1900 லேஸ்தான். பழைய டிசைன்கள திரும்பத் திரும்ப எல்லாரும் பின்னியிருக்காங்க, பாபின் லேஸே 16ஆம் நூற்றாண்டுல இத்தாலியிலயும் ஃபிளாண்டர்ஸ்லயும் ஆரம்பிச்சது, அந்தக் காலத்து முக்கோணக் கூர் ஓரத்த 19ஆம் நூற்றாண்டுலயும் ஆசையா பின்னுனாங்க. அதனால டிசைன வச்சு வயசு சொல்றவங்கள நம்பாதீங்க.

நூல்தான் முதல் சாட்சி. 1800-க்கு முந்தின ஐரோப்பிய வெள்ளை லேஸ் பெரும்பாலும் கையால நூத்த லினன், ஆளி நார். 1820, 30-கள் வாக்குல பருத்தி நூல் பரவலா புகுந்துருச்சு. லினன் தொட்டா குளுமையா இருக்கும், பளபளப்பு இருக்கும், அங்கங்க லேசா தடிப்பு வரும். பருத்தி லென்ஸ்ல மெல்லிய ரோமம் காட்டும். சந்தேகம்னா ஏற்கனவே உதிர்ந்து கெடக்குற ஒரு நூல்லேருந்து ஒத்தை நாரப் பிரிச்சு நனைச்சு, நுனி உங்களப் பாக்குற மாதிரி பிடிச்சுக் காய விடுங்க, ஆளி நார் கடிகார முள் சுத்துற பக்கம் திரும்பும், பருத்தி அப்படி ஒரே பக்கமா திரும்பாம மாறி மாறித் திரும்பும். நம்ம ஊர் வெயிலுக்கு சட்டுன்னு தெரியும். இலங்கை, நாகர்கோயில் லேஸ் பெரும்பாலும் பருத்திதான், அதனால "பருத்தியா, அப்ப மட்டம்"னு ஒதுக்கிறாதீங்க. நெருப்புல காட்டிப் பாக்குறதுன்னா அதே உதிர்ந்த நூல்ல ஒரு நகக் கண்ணளவுதான், உருகி உருண்டையானா நைலான் இல்ல பாலியஸ்டர், அதுக்கு மேல ஆராய்ச்சி வேண்டாம்.

ரெண்டாவது சாட்சி வலை. ஜான் ஹீத்கோட் இங்கிலாந்துல 1808, 1809-ல காப்புரிமை வாங்குன மிஷின்தான் கைவலை மாதிரியே ஆறு பக்க வலைய நெய்ய ஆரம்பிச்சது. நமக்கு இதுல என்ன வேலைன்னா, கையால பின்னுன பூவ மிஷின் வலை மேல வச்சுத் தைக்கிறது 19ஆம் நூற்றாண்டு பூரா நடந்துச்சு, பிரஸ்ஸல்ஸ்லயும், இங்கிலாந்துல டெவன் பக்கத்து ஹானிட்டன்லயும். விக்டோரியா ராணி 1840 கல்யாணத்துக்கு லேஸ் டெவன்ல பின்னுனதும் அந்தக் காலந்தான். ஆக பூ கை வேலைங்கிறத மட்டும் பாத்துட்டு 18ஆம் நூற்றாண்டுன்னு சொல்லிறக் கூடாது, பூவத் திருப்பிப் பாக்கணும், பின்னாடி வலை ஓடுதா, இல்ல பூ ஓரத்துல வலைய வெட்டியிருக்கா, சுத்தி பொடித் தையல் தெரியுதா. அப்படின்னா அந்த வலை ஹீத்கோட்டோட அந்த மாதிரி மிஷின் வலையான்னு பாருங்க, ஆமான்னா 1809-க்கு மேலதான்.

வலை கையால பின்னுனதுன்னா அதோட கண்ணு ஊர் பேரையே சொல்லும். மெக்லின்ல ஆறு பக்கம், அதுல ரெண்டு பக்கம் குட்டிச் சடை, பூவச் சுத்தி பளபளன்னு ஒரு தடிச்ச நூல் கரை கட்டும். வலென்சியன்ஸ்ல கரை நூலே கெடையாது. பக்கிங்ஹாம்ஷயர், லில் ரெண்டும் லேசான முறுக்கு வலை, கரை நூல் உண்டு. ஷான்டியி கருப்புப் பட்டு. சிலந்தியும் விசிறியுமா சதுரம் சதுரமா கணக்குப் போட்ட டிசைன் டார்ஷன், அத எந்த நாட்டுலயும் பின்னியிருப்பாங்க, நம்ம பெட்டிகள்ல அதிகம் வர்றதும் அதுதான். கொஞ்சம் பெரிய சாமான்னா மூலையப் பாருங்க. பழைய கைக்குட்டைகள்ல லேஸ மூலையில சுருக்கி வச்சுத் தைச்சிருப்பாங்க, மூலைக்குன்னே டிசைன் திரும்புற மாதிரி பின்றது 19ஆம் நூற்றாண்டு பிற்பகுதியிலதான் பரவலாச்சு. தட்டுத் துணி, டீ மேஜை விரிப்பு, தட்டுக்கு அடியில போடுற வட்ட டாய்லியெல்லாம் பெரும்பாலும் அதுக்கும் அப்புறம், 1942-ல பர்மாவ விட்டு நம்ம ஆளுங்க கெளம்பி வர்ற வரைக்கும் பெட்டிகள்ல ஏறுன சரக்கு.

நிறத்த நம்பாதீங்கன்னு அடிச்சுச் சொல்றேன். மஞ்சள் நிறம் வயசு இல்ல. டீத்தண்ணியில முக்குனா ஒரு மணி நேரத்துல நூறு வயசு கூடிரும், அதத் தொழிலாவே பண்றவங்க இருக்காங்க. சில லேஸ நெய்யும்போதே சந்தன நிறத்துல சாயம் போட்டுதான் வித்தாங்க. புற ஊதா (யூ.வி.) வெளிச்ச டார்ச் அடிச்சு நீலமா மின்னுதான்னு பாத்து புதுசுன்னு சொல்றவங்களும் உண்டு, இப்பத்திய சோப்புத் தூள்ல ஒரு தடவ தோச்சாலே பழைய லேஸும் மின்னும், அதனால அதுவும் தீர்ப்பு இல்ல.

கெடைச்சுதுன்னா உடனே குளோரின் பிளீச், நீலம், கஞ்சி எதுவும் வேண்டாம், வாஷிங் மிஷின் கிட்டயே கொண்டு போகாதீங்க, இஸ்திரியும் வேண்டாம். மடிச்சு மடிச்சு வச்சா மடிப்புலயே நூல் அறுந்துரும், சுத்தமான தோச்ச பருத்தித் துணிய உருளையில சுத்தி அது மேல லேஸ உருட்டி வைங்க. தேக்குப் பெட்டி பலகையில நேரா படக்கூடாது, மரத்தோட அமிலம் துணியப் பழுப்பாக்கும். அந்துருண்டைய லேஸ் மேலயே போடாதீங்க. வெள்ளிப்பூச்சிக்குக் கஞ்சிதான் சாப்பாடு, அதான் கஞ்சி வேண்டாங்கிறது.

விக்கிறதுன்னா விக்கலாம், அது உங்க விருப்பம், ஆனா துணிய வெட்டி லேஸ மட்டும் தனியா பிரிச்சு விக்காதீங்க. எந்தத் துணியில, எந்த நூல்ல தைச்சிருக்காங்கன்றதும் தேதி சொல்ற சாட்சி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு சீட்டு எழுதுங்க, பென்சில்ல, பேனா மை ஊறும்: யாரு பெட்டி, எந்த ஊர்லேருந்து வந்தவங்க, எந்த சீருல வந்ததுன்னு ஆத்தாவுக்கோ ஆயாவுக்கோ ஞாபகம் இருக்குறது, கூட என்னென்ன சாமான் இருந்துச்சு. பினாங்குக்குப் போன குடும்பமா கொழும்புக்குப் போன குடும்பமாங்கிற ஒரு வரி போதும், சீஃபூவா காலியான்னு தேடுற வேலைய அது பாதியாக் குறைச்சிரும். கேக்குறத இந்த விசேஷத்துக்கே கேட்டுருங்க, அடுத்த விசேஷத்துக்குத் தள்ளிப் போடாதீங்க. போட்டோ எடுத்தா கருப்புத் துணி மேல வச்சு முன் பக்கம் ஒண்ணு, பின் பக்கம் ஒண்ணு, ஓரத்த நெருக்கமா ஒண்ணு, பக்கத்துல ஒரு ரூபா காசு வச்சு. எனக்கு அனுப்புறவங்க முழு மேஜை விரிப்பையும் தூரத்துலேருந்து எடுத்து அனுப்புறாங்க, அதுல நூல் தெரியாது, நெருக்கமா எடுங்க.